நிசார் மாமா கிள்ளிப் பார்த்து வாங்கிய வூஃபர்

ஊரிலிருந்து போன் வந்தாலே எனக்குப் பதறும். நிசார் மாமாவின் குரல் என்றால் மூச்சு வரும். தன் பக்கத்து வீட்டு கவுஸ் பாஷாவைப் பற்றிப் புகார் சொல்லத்தான் அவர் கூப்பிடுவார்.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் மாமாவுக்குத் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. ஓரத்தைக் கிள்ளியே முதல் தரமா, ரிஜெக்டா என்று சொல்லிவிடுவார்.

1998-ல் கவுஸ் பாஷா தானே பிளைவுட் அறுத்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்தார். அதன் கனத்த பேஸ் சத்தத்தில் மாமா வீட்டுக் கிண்ணங்கள் அதிர்ந்தன. அதைக்கூடப் பொறுத்திருப்பார். ஷஹீன் மாமி ரொட்டி தேய்த்துக்கொண்டே, "கவுஸ் அண்ணனுக்கு நல்ல கைராசிங்க" என்றதுதான் தாங்கவில்லை. மாமாவின் கையை மாமி ஒருநாளும் மெச்சியதில்லை.

தானும் ஒரு பெட்டி செய்ய, லீவு போட்டுச் சென்னைக்கு ரயிலேறினார். ரிச்சி தெரு ஸ்பீக்கர் கடைக்காரர், "மூடின பொட்டியா, ஓட்டை வச்சதா?" என்று கேட்டார். எந்தப் பெட்டிக்கு எது என்று கவுஸிடம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். மாமாவா விசாரிப்பார்? வரிசையாக வூஃபர் எனும் பேஸ் ஸ்பீக்கர்களின் ஓரத்தைக் கிள்ளினார். துணி ஓரம் மொடமொடத்தது, ரிஜெக்ட். ஒன்றின் ரப்பர் ஓரம் ஆட்டுக்குட்டித் தோல்போல மெத்தென்றிருந்தது.

"இது ஃபர்ஸ்ட் குவாலிட்டி. கட்டுங்க."

வீட்டில் பெட்டி செய்து மாட்டி, சத்தத்தை ஏற்றினார். தபேலா விழுந்த இடமெல்லாம் உள்ளே டக் டக்கென்று முட்டியது.

"உங்க பாட்டுல யாரோ கதவ தட்றாங்க," என்றார் மாமி.

வாசலிலும் ஒருவர் தட்டினார். கவுஸ் பாஷா.

"இன்னா நிசார் பாய், வூஃபர் குதிக்குது?" பெட்டி விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காத்து வெளிய போவுது. இது ரொம்ப சாஃப்ட் பீஸ். உள்ள காத்து அடைஞ்சு நின்னாத்தான் தாங்கும். சந்து பொந்தெல்லாம் அடைங்க."

"தெரியும் பாய். இன்னும் வேல முடியல."

அவர் போனதும் மாமா மெல்லிய தோலில் வளையம் வெட்டி, வூஃபருக்கும் பலகைக்கும் நடுவே வைத்து இறுக்கினார். மூலைகளில் பசை பூசினார். மறுபடி பாட்டு வைத்தபோது முட்டல் இல்லை. கவுஸின் பெட்டியைவிட ஆழமாக பேஸ் தரையில் பரவியது. மாமி அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார். மாமா அவர் முகத்தையே பார்த்தார்.

"நல்லாருக்குங்க," என்றார் மாமி. "கவுஸ் அண்ணன் வந்து கை வச்சாரு, சரியாய்டுச்சு பாருங்க."

மாமா பெட்டியைத் தூக்கி, கவுஸ் வீட்டுச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டு, சத்தக் குமிழைக் கடைசிவரை திருப்பினார்.