வேண்டாம் என்று சொல்லத் தெரியாத தோகுஜி

எங்கள் ஹோசோதானியில் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு ஓடை, சில வீடுகள், வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மலை, அவ்வளவுதான். கியோட்டோவிலிருந்து புறப்படும் பஸ் இங்கே வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் தூங்கிப்போவார்கள். மீதிப் பேர் தப்பான பஸ்ஸில் ஏறியவர்கள். இப்படிப்பட்ட ஊருக்குக் குசுமி தோகுஜி ஏன் குடிவந்தார் என்று கேட்டால், பார்க்க ஒன்றுமில்லை என்பதற்காகத்தான் வந்தார்.

அவருடைய பழைய வீடு கியோட்டோவில், பெரிய கோயிலுக்கு ஏறும் கல் சரிவில் இருந்தது. வேலை பார்த்ததும் அதே சரிவில் ஒரு ஊதுபத்திக் கடையில். வாலிபத்தில் சேர்ந்தவர், தலை நரைத்துத்தான் வெளியே வந்தார். அந்தக் கடையில் வாடிக்கையாளரிடம் ‘இல்லை’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்லக் கூடாது. கேட்ட சரக்கு இல்லையென்றால் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, “அது… கொஞ்சம்…” என்று இழுத்து அங்கேயே நிறுத்த வேண்டும். மீதியை வந்தவர் புரிந்துகொண்டு போய்விடுவார். நகரத்தில் பிறந்தவர் எவரும் அந்தப் பேச்சை முடிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

தோகுஜிக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. கடன் கேட்ட மச்சானுக்கும் அதுதான், பெண் கொடுக்க வந்தவர்களுக்கும் அதுதான். மிசாவோ ஒருத்தியிடம்தான் அது செல்லுபடியாகவில்லை. அவள் மைசுரு துறைமுகத்துக்காரி, மீன் ஏலம் போடுகிற வீட்டில் வளர்ந்தவள். தோகுஜி தலையைச் சாய்த்துக் காற்றை உறிஞ்சியதும், “கொஞ்சம்னா எவ்வளவு?” என்று கேட்டுவிட்டாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது.

சரிவில் குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? விடிந்ததிலிருந்து சுற்றுலாக்காரர்களின் சக்கரம் வைத்த பெட்டிகள் கல்லில் கடகடவென்று உருளும். வாடகைக் கிமோனோ கட்டிய பெண்கள் இவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பார்கள். ஒருநாள் ஒரு குடும்பமே கதவைத் திறந்து உள்ளே வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, என்னவெல்லாம் கிடைக்கும் என்று கேட்டதாம். தோகுஜி அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மிசாவோவுக்கு மண்டையிடி வந்தது. தூக்கம் போனது. “இவங்களுக்கு மருந்து வேண்டாம், இடம் மாறணும்” என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அவர்கள் குடிவந்த அன்றைக்கு, பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் ஊறுகாய்ப் பானையோடு நான் பார்க்கப் போனேன். மிசாவோ சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஓடைச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது,” என்றாள் புருஷனிடம். “இது கேக்குற வரைக்கும் நான் இங்க இருப்பேன். கேக்காமப் போற அன்னைக்கு மைசுருவுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க வேணும்னா இருந்துக்கங்க.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தோகுஜி பார்த்தார்.

நல்ல மனுஷர்தான். காலையில் வாசல் பெருக்கும்போது என் வாசலையும் ஒரு சாண் சேர்த்துப் பெருக்குவார். அதற்கு மேல் பெருக்கினால் நான் சோம்பேறி என்று குத்திக்காட்டுவதாகுமாம், பெருக்காமல் விட்டால் அவர் கஞ்சராகிவிடுவாராம். நகரத்துக் கணக்கு அது. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏறாது. நான் அவர் வாசல் முழுவதையும் பெருக்கிக் குப்பையையும் அள்ளிவிட்டேன். என்ன தப்புச் செய்தோம் என்று அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று மிசாவோ சொன்னாள்.

மண்டையிடி நின்றது. அவள் தூங்கினாள், ஒரு சுற்றுப் பருத்தாள். தோகுஜி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார்.

அப்போதுதான் யென்ஸ் வந்தான். டென்மார்க் தேசத்துப் பையன். கூட்டத்தில் நசுங்குகிறவர்களை நகரத்துக்கு வெளியே நடத்திக் கூட்டிக்கொண்டு போவது அவன் பிழைப்பு. ‘அமைதி நடை’ என்று அதற்குப் பெயர். எங்கள் பாஷையைப் புத்தகம் வைத்துப் படித்தவன், ஒரு எழுத்துப் பிசகாமல் பேசுவான். கூரை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டு, இடித்த கூரையிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு, தோகுஜியிடம் வந்தான்.

“ஐயா, உங்க தோட்டத்து ஓரத்துல நின்னா ஓடை அருமையாத் தெரியுது. என்னோட வர்றவங்களக் கூட்டிட்டு வந்து காட்டலாமா?”

தோகுஜி தலையைச் சாய்த்தார். காற்றை உறிஞ்சினார். “அது… கொஞ்சம்…”

“கொஞ்சம் பேர்தான் ஐயா!” என்றான் யென்ஸ் சந்தோஷமாக. “எட்டுப் பேருக்கு மேல கூட்டிட்டு வர மாட்டேன். ரொம்ப நன்றி!”

நான் வேலிக்கு இந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். தோகுஜியின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அதற்குள் பையன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

எட்டுப் பேர் வந்தார்கள். யென்ஸ் இடுப்பில் ஒரு ஸ்பீக்கர், வாய்க்கு முன்னால் ஒரு மைக். அது கத்திய கத்தலில் என் கோழிகள் கூடைக்கு அடியில் போய் ஒளிந்தன.

“என்னப்பா சொல்ற அவங்ககிட்ட?” என்றேன்.

“அமைதியக் கவனிங்கன்னு சொல்றேன் பாட்டி.”

“உன் சத்தத்துல அது எங்க கேக்கும்?”

“அதனாலதான் சத்தமாச் சொல்றேன்.”

வந்தவர்கள் போய் நகரத்தில் சொன்னார்கள். யாருக்கும் தெரியாத ஓர் இடம் இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எட்டுப் பேர் இரண்டு எட்டாகி, காலை ஒன்று மாலை ஒன்று என்று ஆனது. இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, அதுதான் இந்த இடத்தின் விசேஷம் என்று யென்ஸ் ஒவ்வொரு முறையும் விளக்குவான். அந்த ஒன்றுமில்லாததை அவர்கள் முண்டியடித்துப் படம் எடுப்பார்கள். போகும்போது, “அடுத்த வாரமும் வரலாமா ஐயா?” என்று மரியாதையாகக் கேட்பான். தோகுஜி மரியாதையாக, “அது… கொஞ்சம்…” என்பார். “கொஞ்சம் நேரந்தான்!” என்பான் இவன்.

ஊர்க்காரர்களாவது வாயைத் திறந்து ஏசியிருக்கலாம். இங்கேயும் பாதிப் பேருக்கு நகரத்து நாக்குதான். ஊர்த் தலைவரின் மனைவி ஓனிஷி அம்மாள் தோகுஜியை வழிமறித்தாள்.

“உங்க வீடு இப்பல்லாம் ஒரே கலகலப்பா இருக்கே! குடுத்து வச்சவங்க நீங்க!”

தோகுஜிக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே பஸ் ஏறிப்போய் பயற்றம் பலகாரப் பெட்டிகள் வாங்கிவந்து வீடு வீடாகக் குனிந்து கொடுத்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டு, “எதுக்கு இதெல்லாம், எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே,” என்றார்கள். தொந்தரவு தாங்கவில்லை என்று அர்த்தம். அதையும் அவர் ஒழுங்காகப் புரிந்துகொண்டு இன்னும் வெளுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நேரா வேணாம்னு சொல்லித் தொலைங்களேன்,” என்றேன்.

“அப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொன்னா அந்தப் பிள்ள மனசு என்ன ஆகும் அக்கா?”

“உங்க பொண்டாட்டி மனசு?”

“அதுவும்… கொஞ்சம்…”

இவருக்குக் கடைசியாகத் தோன்றிய உபாயம் துடைப்பம். விருந்தாளி எழுந்து போகவில்லை என்றால் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி, மேலே ஒரு துண்டைப் போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பார்த்தவுடனே மானமுள்ளவர்கள் செருப்பைத் தேடுவார்கள். தோகுஜி தோட்டத்து வாசலில் ஒரு புதுத் துடைப்பத்தை நிறுத்தினார். துண்டைக்கூடத் தேய்த்து மடித்துப் போட்டிருந்தார். காலைக் கூட்டம் அதைச் சுற்றி நின்று படம் பிடித்தது. ஒரு பெண்மணி இரண்டு கையையும் தட்டி அதைக் கும்பிட்டாள். மாலைக் கூட்டம் வந்தபோது அதன் காலடியில் ஆரஞ்சுப் பழம் இருந்தது.

அன்று மாலை மிசாவோ சமையலறையில் குழாயை மூடினாள். நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். காதைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டது யென்ஸின் மைக்தான். மாடிக்குப் போய் ஒரு பெட்டியோடு இறங்கி வந்தாள். சரிவில் கடகடவென்று உருண்டதே, அதே மாதிரிச் சக்கரம் வைத்த பெட்டி. அவள் அதைத் தரையில் உருட்டவில்லை, கையில் தூக்கிக்கொண்டாள்.

கையில் கத்தியோடு நானும் அவள் பின்னாலேயே போனேன். வாசலில் தோகுஜி நின்றார். கூட்டம் அப்போதுதான் முடிந்து, யென்ஸ் வழிகாட்டிக் கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பஸ் நிறுத்தத்துக்கு நடத்திக்கொண்டிருந்தான்.

“அதே பஸ்ஸுக்குத்தான் நானும்,” என்றாள் மிசாவோ. “போறேன். சரிதானே?”

தோகுஜி தலையைச் சாய்த்தார். “அது… கொஞ்சம்…”

“இத்தன வருஷமா முடிக்காம வச்சிருக்கீங்களே, அந்தப் பேச்ச இன்னைக்கு முடிங்க. கொஞ்சம் என்ன? கொஞ்சம் கஷ்டமா? கொஞ்சம் நிம்மதியா?”

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது, கத்தியைக் கீழே வைத்தேன். மிசாவோ பெட்டியை மறுகைக்கு மாற்றினாள். பிறகு திரும்பி, தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

“போகாதே!”

பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டது. காக்கைகள் எழும்பிப் பறந்தன. “போகாதே! வேண்டாம்! போகாதே!”

மிசாவோ நின்றாள். தெருத் திருப்பத்தில் கூட்டமும் நின்றது.

“ஐயா நம்மளப் போகவேண்டாம்னு கூப்பிடுறார்!” என்று யென்ஸ் மைக்கில் அறிவித்தான். அத்தனை பேரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உருகிப்போய்த் திரும்பி வந்தார்கள். ஒருவர் அழுதார்.

நடுத்தெருவில் பெட்டியோடு நின்ற மிசாவோ புருஷனைப் பார்த்தாள். “வந்துட்டாங்க பாருங்க. அவங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க.”

தோகுஜி ஓடிவந்து அவள் பெட்டியின் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யென்ஸ் பக்கம் திரும்பினார்.

“யென்ஸ் தம்பி. வேண்டாம். இனிமே யாரையும் இங்க கூட்டிட்டு வராதீங்க.”

சொல்லிவிட்டு, நடுத்தெருவில் துணி அவிழ்ந்துவிட்டவர் போல் கூசிப்போய் நின்றார்.

“சரி ஐயா,” என்றான் யென்ஸ். அவ்வளவுதான். ஸ்பீக்கரை அணைத்தான். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே? நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே?”

“சொன்னேனே,” என்றார் தோகுஜி.

“எப்ப?”

“ஒவ்வொரு தடவையும்.”

யென்ஸ் மைக்கைக் கழற்றினான். பிறகு எங்களைவிட ஒழுங்காக இடுப்பை வளைத்துக் குனிந்துவிட்டுப் போனான். பஸ் போய்விட்டது. மிசாவோ பெட்டியை விட்டாள். தோகுஜிதான் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரியே அவருக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி கொண்டுபோனபோது, “அந்தப் பிள்ளையப் புண்படுத்திட்டேன் அக்கா,” என்று புலம்பினார். யென்ஸ் இப்போது அடுத்த பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம். அங்கே ஒரு கோயில் குருக்களிடம் கேட்டானாம். அவர், “ரொம்ப நல்ல யோசனை, யோசிச்சுச் சொல்றேன்,” என்றாராம். பாவம் அந்தக் குருக்கள்.

காய்ச்சல் இறங்கி எழுந்த தோகுஜி வேறு ஆளாக இருந்தார். அடைப்பு எடுத்த குழாய் மாதிரி. அடுத்த வருஷம் ஊர்த் தலைவர் பொறுப்பை நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்று ஓனிஷி அம்மாள் வந்து கேட்டதற்கு, “வேண்டாம்,” என்றாராம். அந்த அம்மாள் திகைப்பில் தன் வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு ஓடைப் பக்கம் நடந்துவிட்டாள். நேற்று நான் ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கியைக் கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்த்தே, “வேண்டாம் அக்கா, மூணு இருக்கு,” என்றார்.

எனக்கா வேண்டாம்? வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கும் வைப்பேன்.