சவ வண்டிக்கு முன்னால்

சண்டர்லாந்து நகரில் சவ வண்டியை யாரும் முந்த மாட்டார்கள். கறுப்புத் தொப்பிக்காரர் ஒருவர் வண்டிக்கு முன்னால் மெல்ல நடந்து போவார். ஓரத்தில் நிற்பவர்கள் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவார்கள். பின்னால் வருகிற அத்தனை பேரும் ஊர்ந்தாக வேண்டும். அன்று காலை லினெட் ஹெப்பிள் ஏறிய பேருந்தும் ஊர்ந்தது.

இருபது வருஷம் பிஸ்கட் ஆலையில் பெட்டி அடுக்கியவள் லினெட். ஒருநாளும் பிந்திப் போனதில்லை. ஆலையை மூடிவிட்டு முதலாளி ஸ்பெயினில் வீடு வாங்கினான். இவளோ தேய்ந்த முழங்காலோடு, அறுபதை நெருங்கும் வயதில், வேலை தேடுவதாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வாராவாரம் நிரூபித்து உதவித்தொகை வாங்கினாள். ஒரு தடவை பிந்தினாலும் அதை நிறுத்திவிடுவார்கள். காசு போட்டால்தான் அவள் வீட்டு மின்மீட்டர் ஓடும்.

மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தாள். அவளை விசாரிக்கும் அதிகாரி டேரன் ஸ்டோகோவின் நாற்காலி காலி. அவன் அவளுக்கும் பிந்தி, கையில் காப்பியோடு வந்தான். வழியில் சவ வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டானாம். பக்கத்து மேசைக்காரியிடம் சிரித்துச் சொன்னான். பிறகு கணினியைத் தட்டிப் பார்த்து, அவள் தாமதம், ஒரு மாத உதவித்தொகை கிடையாது என்றான்.

"நான் வந்த பஸ்ஸும் அதே வண்டிக்குப் பின்னாலதானே தம்பி வந்துச்சு?"

"முந்தின பஸ்ஸைப் பிடிச்சிருக்கணும், லினெட்."

"அப்ப உன் சம்பளத்தையும் ஒரு மாசம் நிறுத்துவாங்களா?"

"அது வேற."

வேறுதான். வெட்கம் கெட்ட பிழைப்பு. அவள் குரல் உயர்ந்ததும் காவலாளி வந்து நின்றான். கஷ்டமென்றால் நாளைக் காலை ஒன்பதுக்கு வந்து அவசர உதவி கேட்கலாம், தாமதம் மட்டும் கூடாது என்று டேரன் புத்தி சொல்லி அனுப்பினான்.

இரவு மீட்டர் நின்றுபோனது. பேருந்துக்கும் காசில்லை. விடியும் முன்பே நொண்டிக்கொண்டு நடந்தவள், கதவு திறக்கும் முன் வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஒன்பதுக்குச் சற்று முன் டேரனின் கார் வளாகத்துக்குள் திரும்பியது.

லினெட் வரிசையை விட்டு இறங்கினாள். காருக்கு முன்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பிக்காரரைப் போல அடிமேல் அடி வைத்து நடந்தாள். அவன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பவில்லை. வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அடுத்தவரும் கழற்றினார்.

கதவடியில் வந்ததும் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒன்பது தாண்டிடுச்சு தம்பி. முந்திப் போயிருக்கணும்."