பதினேழாம் பக்கத்திலிருந்து

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் யாழ்ப்பாணத்தார் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. கீழே மண்டபம், மேலே ஓர் அறை. நான் ஓய்வுபெற்ற வருடம் அந்த அறைப் பூட்டின் திறப்பு என் கைக்கு வந்தது. அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் பதிவறையில் காலம் முழுவதும் கோப்புகளோடு மல்லுக்கட்டியவள் என்பதால் இது எனக்குத்தான் பொருத்தம் என்றார் செயலாளர். வேறு யாரும் முன்வரவில்லை என்பதை அவர் அப்படி மரியாதையாகச் சொன்னார்.

அறை நிறையக் கல்வெட்டுகள். கல்லில் வெட்டியவை அல்ல. யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு சிறு புத்தகம் அச்சடிப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்போம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம். அதன் பின் அவர் எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார், யாரைக் கட்டினார், எப்போது கொழும்புக்கு வந்தார், எந்தக் கந்தோரில் வேலை பார்த்தார் என்ற வரலாறு. அதற்குப் பின்னால் பாதிப் புத்தகத்துக்குப் பதிகங்களும் தோத்திரங்களும். சரித்திரப் புத்தகங்களில் இடம் கிடைக்காத மனிதர்களுக்கு எங்கள் ஆட்கள் எழுதிவைத்த சரித்திரம் இவ்வளவுதான். இதைக் கறையானுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடியதாக அடுக்கிவைப்பேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

முதல் சண்டை இடத்தோடுதான். சங்கம் எனக்குத் தந்தது இரண்டு இரும்பு அலுமாரி. மூன்றாவது கேட்டதற்குச் செயலாளர் சிரித்தார். நான் ஒரு நாள் முழுக்க யோசித்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாக் கல்வெட்டிலும் பின்பாதி ஒரே பாட்டுகள். ஒரே பாட்டை ஆயிரம் தடவை எதற்கு வைத்திருக்க வேண்டும்? புத்தகங்கள் ஓரத்தில் கம்பி அடித்தவை. கோடு போடுகிற அடிமட்டம் ஒன்றை வைத்து இழுத்தால் பாட்டுப் பக்கங்கள் சுத்தமாகக் கழன்று வந்தன. மனிதரின் வரலாறு அலுமாரிக்குள் போனது.

கழற்றிய பக்கங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட முடியாது. சாமிப் பாட்டு. யாராவது கடலை சுற்றிக் கொடுத்து, அது காலில் மிதிபட்டால் பாவம் எனக்குத்தான். ஆகவே மஞ்சள் துணியில் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை காலை தண்டவாளத்தைத் தாண்டிப் போய், கும்பிட்டுவிட்டு, வெள்ளவத்தைக் கடலில் விட்டேன். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு தேத்தண்ணீர் குடித்தது இப்போதும் ஞாபகமிருக்கிறது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ஒரு பெண் வந்தாள். நாற்பது தாண்டிய வயது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தன் பெரியப்பாவின் கல்வெட்டு இருக்கிறதா என்று கேட்டாள். பெயரைச் சொன்னாள், தெமட்டகொடையில் ரயில்வே கந்தோரில் வேலை செய்தவர் என்றாள். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். என் அடுக்குமுறையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

அவள் வரலாற்றை வாசிக்கவில்லை. நேரே கடைசிக்குப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள்.

"அன்ரி, இதில கடைசிப் பக்கம் இல்லையே? அம்மா சொன்னவ, கடைசியில பெரியப்பாவும் சின்னையாவும் அப்பாவும் ஒண்டா நிக்கிற படம் இருக்கெண்டு."

ஏன் அந்தப் படம் வேண்டும் என்று கேட்டேன். அவள் சுருக்கமாகச் சொன்னாள். எண்பத்துமூன்றுக் கலவரம் வந்தபோது அவள் கைக்குழந்தை. அன்று காலை வெளியே போன அப்பா திரும்பி வரவில்லை. அவருடைய அடையாள அட்டை அவரோடு போய்விட்டது. தெமட்டகொடை வீடு எரிந்தபோது கலியாண அல்பம் எரிந்தது. ஊர் வீடு பிறகு போரில் செல்லடிபட்டுப் போய்விட்டது. உடல் கிடைக்காததால் அவருக்கு அந்தியேட்டியும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அப்பாவின் தம்பியான சின்னையா வெளிநாட்டில் தனியாக இருந்து இறந்துபோனார். கலவரத்துக்கு முன்பே இறந்த பெரியப்பாவின் கல்வெட்டில் மட்டும்தான் அப்பாவின் முகம் இருக்கிறது.

"எனக்கு அப்பாவின்ர முகமே தெரியாது அன்ரி" என்றாள்.

புத்தகம் பதினாறாம் பக்கத்தோடு முடிந்திருந்தது. பதினேழிலிருந்து கிழித்தது என் கை. பாட்டுகள் முடிந்தபின் கடைசித் தாளில் ஒரு படம் இருக்கக்கூடும் என்று புரட்டிப் பார்க்காததும் நான்தான். அடிமட்டம் மேசையில், அவளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

நான் சொன்னேன்: "எங்களுக்கு வந்ததே இப்பிடித்தான் பிள்ளை."

அவள் தலையாட்டினாள். நேரமெடுத்துத் தேடித் தந்ததற்கு நன்றி சொன்னாள். வருகையாளர் கொப்பியில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போனாள். அந்த நன்றியைக் கேட்டபோது எனக்குக் கூசியது. என் வாழ்நாளில் பதிவறையில் கோப்புத் தொலைத்துவிட்டு வாய் கூசாமல் பொய் சொன்ன எத்தனை பேரை நான் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருக்கிறேன்!

அடுத்த நாள் காலை போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். கிழித்தது நான், இடம் போதாமல் கிழித்தேன், நேற்றுச் சொன்னது பொய். அவள் உடனே கேட்டாள்.

"அந்தப் பக்கங்கள் இப்ப எங்க?"

"கடலில விட்டிட்டன்."

"கடலிலயா?"

"ஓம்."

"அன்ரி, நீங்கள் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னது நல்லது. ஆனா பரவாயில்லை எண்டு இப்ப என்னால சொல்லேலாது. படம் கிடைக்கட்டும், அப்ப பாப்பம்."

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. சமாதானம் சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பேன். கல்வெட்டு ஒன்று அச்சடித்தால் நூற்றுக்கணக்கில் அச்சடிப்பார்கள். எங்கேயாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

செயலாளரிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எந்த வில்லங்கத்துக்கும் அவரிடம் உள்ள மருந்து பூட்டுத்தான்.

"தங்கச்சி, இதுக்குத்தான் நான் சொன்னனான். கண்ணாடி அலுமாரி ஒண்டு வாங்கிப் பூட்டி வைப்பம். கடிதம் தந்து அனுமதி எடுத்தவைக்கு மட்டும் காட்டுவம். ஆரும் வராட்டி ஆரும் குறை சொல்ல மாட்டினம்."

"அண்ணை, பூட்டின அறைக்குள்ள இருந்துதான் நான் கிழிச்சனான்" என்றேன். "நாலு பேர் வந்து போற இடமா இருந்திருந்தா ஆராவது ஒராள் என்ர கையைப் பிடிச்சிருக்கும். இனிச் சனிக்கிழமையில கதவு திறந்துதான் இருக்கும். ஆரும் வரலாம். கடிதம் வேண்டாம்."

"கமிட்டியில கதைக்க வேணும்."

"கதையுங்கோ. நான் திறந்திட்டுக் கதைக்க வாறன்."

தேடலை வரலாற்றுப் பக்கங்களிலிருந்தே தொடங்கினேன். பெரியப்பா வேலை செய்த கந்தோர், அவர் பாடப் போன கோயில், உறவு ஊர்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போன் எடுத்தேன். வட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். நுகேகொடையில் இருந்த பழைய ரயில்வேக்காரர் ஒருவரின் வீட்டுக்கு நேரே போனேன். எல்லா இடத்திலும் ஒரே பதில். செத்தவீட்டுப் புத்தகத்தை யார் வீட்டில் வைத்திருப்பார்கள்? ஒருவர் என்னைப் படிக்கட்டிலேயே வைத்துக் கதைத்து அனுப்பிவிட்டார். நான் சாவுத் துடக்கைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆறாவது வாரம், வெள்ளவத்தையில் கோயிலுக்குப் போயிருந்தேன். கூட்டுப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் அட்டையில்லாத புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பாடினாள். எழுத்து பெரிதாக இருந்ததால் பின்னாலிருந்தே என்னால் வாசிக்க முடிந்தது. பக்க எண் இருபத்தொன்று. ஓரத்தில் பூங்கொடிக் கரை. அந்தக் காலத்துக் கல்வெட்டுக்கு அச்சகங்கள் போடுகிற கரை.

பாட்டு முடியும்வரை பொறுக்க நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். முடிந்ததும் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன்.

"இதின்ர முன்பக்கம் எங்க?"

"அதுவா, அது செத்த ஆளின்ர படம். சாமியறைக்குள்ள வைக்கக்கூடாதெண்டு மாமி அப்பவே கிழிச்சுப் போட்டா. பாட்டு நல்ல எழுத்து, அதை எறிய மனம் வரேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான் மனிதரை வைத்துக்கொண்டு பாட்டை எறிந்திருக்கிறேன். வீடுகளில் பாட்டை வைத்துக்கொண்டு மனிதரை எறிந்திருக்கிறார்கள். நான் தேவையில்லை என்று நினைத்த பக்கங்கள்தான் நாற்பது வருடமாக, இத்தனை இடம்பெயர்வுக்கும் வீடு மாறலுக்கும் பிறகும், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்திருக்கின்றன. பாட்டு இருந்தபடியால்தான் அந்தத் தாள்கள் பிழைத்தன. பதிவறையில் எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அன்று பார்த்த புத்தகம் நான் தேடியதல்ல. ஆனால் அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். கல்வெட்டு இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. உங்கள் சாமியறையில் அட்டையில்லாத பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். படிக்கட்டில் வைத்து அனுப்பியவர்கூட உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு, மூன்று இருந்தன. என் கையில் இருந்த பாதியோடு பொருத்திப் பார்த்தேன். பதினேழில் தொடங்க வேண்டும், கரையில் திராட்சைக் கொடி இருக்க வேண்டும், கம்பித் துளை மூன்றும் ஒரே இடத்தில் வர வேண்டும்.

கிருலப்பனையில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் அது கிடைத்தது. திருநீறும் எண்ணெய்யும் பட்டு, ஓரங்கள் பழுப்பேறி இருந்தது. பதினேழில் தொடங்கியது. துளைகள் பொருந்தின. கடைசித் தாளை வீட்டுக்காரியே திருப்பினாள். வேட்டி கட்டிய மூன்று இளைஞர்கள் ஒரு வேலிக்கு முன்னால் நின்றார்கள்.

"இந்தப் படத்தை ஏன் கிழிக்கேல்லை?" என்று கேட்டேன்.

"இவை புத்தகம் அச்சடிச்ச ஆக்கள் எண்டெல்லோ நினைச்சம்! புண்ணியவான்கள் எண்டு பொட்டும் வைச்சனாங்கள்."

உண்மைதான். மூன்று நெற்றியிலும் மங்கலாகச் சந்தனம் இருந்தது.

புத்தகத்தைத் தர மாட்டேன் என்றாள். அவள் தினமும் பாடுகிற புத்தகம். நான் வற்புறுத்தவில்லை. அங்கேயே, வெளிச்சமான யன்னலோரம் விரித்து, பதினேழிலிருந்து கடைசிவரை ஒரு பக்கம் விடாமல் போனில் படம் எடுத்தேன். பாட்டுப் பக்கங்களையும்தான். இனி எந்தப் பக்கம் முக்கியம் என்று தீர்மானிக்கிற வேலை என்னுடையதல்ல.

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப மனம் வரவில்லை. பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். நான் தாளைக் கொடுத்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் ஒரு முகத்தில் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு அடுத்ததில் வைத்தாள். படத்தின் கீழே பெயர்கள் இல்லை.

"அன்ரி, இதில அப்பா ஆர்?"

எனக்கும் தெரியவில்லை. பெரியப்பாவை மட்டும் என் பாதியின் முன்பக்கப் படத்தை வைத்து அடையாளம் காட்ட முடிந்தது. நடுவில் நிற்பவர். மற்ற இருவரில் அவளுடைய தகப்பன் யார் என்பதைச் சொல்லக்கூடிய ஒரேயொருவர் உள்ளறையில் இருந்தார்.

அவளுடைய அம்மாவுக்குப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. தாளை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு பக்கமாகச் சரித்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகங்களில் நேரம் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இந்தக் கரையில நிக்கிறவர்" என்றார். "மற்ற ரண்டு பேரும் கமராவைப் பாக்கினம். இவர் பாக்கேல்லை. படம் எடுக்கிறவன் திட்டினவன், இஞ்சால பாருங்கோ எண்டு. நான் அந்தப் பக்கம் வேலிப் படலையில நிண்டனான். உன்னை வயித்தில வைச்சுக்கொண்டு. அதுதான் அங்கால பாக்கிறார்."

மகள் தாளை வாங்கி, அந்த முகம் திரும்பியிருந்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு, வாய்விட்டு அழுதாள். அம்மா தடவித் தடவி அவள் தலையைக் கண்டுபிடித்துக் கையை வைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

நான் புறப்படும்போது அவள் வாசல்வரை வந்தாள். "இப்ப சொல்லலாம் அன்ரி, பரவாயில்லை எண்டு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அறையைத் திறந்தேன். கமிட்டி இன்னும் கதைத்து முடிக்கவில்லை. பதினேழிலிருந்து கடைசிவரை அச்சடித்து, பெரியப்பாவின் கல்வெட்டோடு நூலால் தைத்தேன். முதல் தாளில், இந்தப் பக்கங்களைக் கிழித்தது நான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வருகிறவர்கள் வாசிக்கட்டும். கடைசித் தாளில் படத்துக்குக் கீழே, பதிவறையில் பழகிய முறைப்படி, பென்சிலால் குறிப்பு எழுதினேன்: நடுவில் நிற்பவர் மூத்தவர். இடக்கரையில் இளையவர். வலக்கரையில் இரண்டாமவர். இவர் கமராவைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே நிற்கும் மனைவியையும், பிறக்கவிருக்கும் மகளையும் பார்க்கிறார்.