எதிர்க்கரை

அம்மா பிறந்த வூடு இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தது. அதற்காகக் கப்பலேற வேண்டியதில்லை. பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊர் வாய்க்காலில் இந்தக் கரை பிரெஞ்சுக்காரனுடையது, அந்தக் கரை இங்கிலீஷ்காரனுடையது. நடுவில் பனைமரப் பாலம். அங்கே உட்கார்ந்திருக்கும் சுங்கச் சிப்பாய், மூட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகே அம்மாவைத் தம்பி வீட்டுக்கு விடுவான்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. வாய்க்கால் நிரம்பி, தாழ்ந்து கிடந்த எங்கள் கரை வழியாக வயலுக்குள் பாய்ந்தது. பால் பிடித்த நெல் முழுகத் தொடங்கியது. எதிர்க்கரையை வெட்டினால் வெள்ளம் அந்தப் பக்கம் வடிந்துவிடும் என்று நைனாவும் ஊர் ஆட்களும் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். நானும் பின்னால் ஓடினேன். சிப்பாய் மழைக்கு எங்கோ ஒதுங்கிவிட்டிருந்தான். சோதனை போடாமல் இவ்வளவு தண்ணீரை எப்படி அந்தப் பக்கம் விடுவார்கள் என்பதுதான் என் கவலை.

அந்தக் கரையை ஒட்டிய முதல் வயல் மாமாவுடையது. வெட்ட வேண்டிய இடத்தில், எங்களுக்கு முன்பே வந்து, அம்மா சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்துரு. நம்ம நெல்லு அழுவிப்பூடும்," என்றார் நைனா.

"அவன் நெல்லு மட்டும் இன்னா, கல்லா? வெட்டறதுன்னா என்னையும் சேத்து வெட்டுங்க."

"இன்னாபா, பொம்பள பேச்சுக்கு நின்னுட்ட?" என்றார் பின்னால் ஒருவர். நைனா நனைந்துகொண்டே நெடுநேரம் நின்றுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். மற்றவர்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

எங்கள் நெல் அழுகியது. அண்டை அயலாருடையதும் அழுகியது. தெருவில் அம்மாவோடு யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. மாமாவின் நெல் நன்றாக விளைந்தது.

தை மாதம், கூப்பிடாமலே நைனா அரிவாளை எடுத்துக்கொண்டு மாமா வயலுக்கு அறுக்கப் போனார். என்னையும் கூட்டிப்போனார். நம் நெல்லை அழுகவிட்ட வயலில் இவருக்கென்ன வேலை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

"அக்கா வர்லியா?" என்று மாமா கேட்டார்.

"ஒடம்பு சரியில்ல," என்றார் நைனா.

"இல்ல மாமா, அம்மா நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தேன். நைனா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அறுப்பு முடியும்வரை அம்மா வாய்க்கால் பக்கமே வரவில்லை. அத்தனை பேரை எதிர்த்து உட்கார்ந்து காப்பாற்றிய நெல்லைப் பார்க்க அவளுக்கு ஏன் மனசு வரவில்லை என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.