மாசி ஊற்றிய தண்ணீர்

சடையப்பன் மேஸ்திரிக்குச் சுத்தியலைக் கண்டால் ஆகாது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு முப்பது வருஷமாக வண்டி வேலை பார்க்கிற ஆள், சுத்தியலை மட்டும் தொடமாட்டேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? மேஸ்திரியிடம் நட்டுக் கழற்றப் போகிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துருவேறிக் கிடக்கிற நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, துணியைச் சுற்றி, நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார். மறுநாள் அது இரண்டு விரலில் கழன்று வரும். அவர் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது என்று சுற்றுவட்டாரத்தில் பேர். அந்தப் பேரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. தலைக்கனம் என்று சொன்னாலும் தப்பில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் திருமுக்கூடல் பெரிய வீட்டு ராஜாராம் ஆள் அனுப்பினார். அவருடைய அப்பா ஏகாம்பரம் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த யுத்தகாலத்து ஜீப் ஒன்று வைக்கோல் கொட்டகையில் பதினோரு வருஷமாகக் கிடந்தது. பழைய வண்டிகளை வாங்கி ஓட்டிப் பார்க்கிற கிறுக்குப் பிடித்த மெட்ராஸ்காரர் ஒருவர் அதைக் கேட்கிறாராம். எஞ்சின் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது, பரவாயில்லை. ஆனால் விடுவிக்கிறபோது உள்ளே ஒரு சாமான் உடையக்கூடாது, அதற்கெல்லாம் இப்போது பார்ட்ஸ் கிடைக்காது என்பது அவருடைய நிபந்தனை. உடையாமல் எடுக்கச் சடையப்பனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அந்த ஜீப் எப்படி நின்றது என்பது சடையப்பனுக்கு நன்றாகத் தெரியும். எழுபத்தொன்றில், சித்திரை வெயிலில், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு பாலாற்று மணலைத் தாண்டும்போது நடு ஆற்றில் நின்றது. ஓட்டியவன் மாசி. ஊர்க் கோடியில் ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளில் பிறந்தவன். அந்தக் குடிசைகளிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள் அவன்தான். பெரியவர் ஏகாம்பரம் அவனுடைய கருத்தான வேலையைப் பார்த்து வண்டியைக் கொடுத்திருந்தார். காலையில் பித்தளைச் சொம்பால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, வாய்வரை வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவான்.

அன்றைக்குச் சடையப்பனைக் கூட்டிவந்து காட்டினார்கள். ரேடியேட்டர் மூடி திறந்து கிடந்தது, உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சின் நின்ற பிறகு பதற்றத்தில் நான்தான் மூடியைத் திறந்தேன், கொதித்த தண்ணீர் பீறிட்டு மணலில் போய்விட்டது என்று மாசி சொன்னான். முழங்கைவரை கொப்பளித்திருந்த கையை நீட்டிக் காட்டினான். ஏகாம்பரம் சடையப்பனின் முகத்தைப் பார்த்தார். எஞ்சினைத் திறந்து பார்க்காமலே, தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறான் என்று சடையப்பன் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் அவரே வேலை பார்த்து அனுப்பிய எஞ்சின். அதில் வேறு கோளாறு வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றே மாசிக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் சுற்றுப்பட்டில் ஒருத்தரும் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. தண்ணியில்லா டிரைவர் என்று பேர் வைத்தார்கள். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான், விறகு வெட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளி முற்றிச் செத்துப்போனான். பாவம், அதுவரைக்கும் அந்தப் பேர் அவனை விடவில்லை.

சடையப்பன் வேலையைத் தொடங்கிய இரண்டாம் நாள், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்க வந்த கூலியாள் ஒருத்தி கொட்டகை ஓரமாக நின்றாள். மாசியின் பெண்சாதி அங்கம்மாள். வைக்கோல் கட்டை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"மேஸ்திரி, எஞ்சினைத் தொறக்கசொல்ல ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. எம் பொண்ணு கண்ணகியோட அப்பா தண்ணி ஊத்தாமதான் ஓட்னாரா, இன்னான்னு. ஊத்தலைன்னாலும் சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்சா போதும்."

சடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தான் சொன்னதை இவள் இன்னும் நம்பவில்லையா? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக் கடிந்து பேச மனம் வரவில்லை. எது தெரிந்தாலும் வந்து சொல்கிறேன் என்றார். அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து நாலு ஓட்டையிலும் ஊற்றினார். தினமும் வந்து ஊற்றினார். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் கையால் ஆட்டிப் பார்த்தார். பத்து நாளாயிற்று. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ராஜாராம் பொறுமை இழந்துவிட்டார். டிராக்டரில் சங்கிலி போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் தானாக விடும் என்றார். இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டர் சுவரெல்லாம் கோடு விழும் என்று சடையப்பன் மறுத்துவிட்டார். வெளியே சொல்லாத காரணம் இன்னொன்றும் இருந்தது. தண்ணீர் இல்லாமல் எரிந்த எஞ்சினில் பிஸ்டன் சுவரைக் கீறியிருக்கும். இப்போது இழுத்துப் புதுக் கீறல் விழுந்துவிட்டால் பழையது எது, புதியது எது என்று யாருக்குத் தெரியும்? அங்கம்மாளுக்கு என்ன பதில் சொல்வது?

பன்னிரண்டாம் நாள் ஹெட்டைத் திறந்தார். கேஸ்கட் கருகவில்லை. ஹெட் வளையவில்லை, ஸ்கேலை வைத்துப் பார்த்தார், நூல் பிடித்த மாதிரி இருந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடியிருந்தால் இரண்டும் கெட்டிருக்கவேண்டும். அடியில் ஆயில் தட்டைக் கழற்றி, பிஸ்டன் தண்டுகளைக் கிராங்க் என்கிற சுழல்தண்டிலிருந்து பிரித்துவிட்டு, வெந்நீர் ஊற்றி எஞ்சினை இளஞ்சூடாக்கி, வேப்பங்கட்டையைக் கொடுத்துக் கீழிருந்து கையாலேயே நெம்பினார். விட்டு விட்டு, ஒரு பகல் முழுக்க. சாயங்காலத்துக்குள் நாலு பிஸ்டனும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. ஒரு ரிங் உடையவில்லை. நாலையும் துடைத்து வெயிலில் பிடித்தார். கொட்டகையில் கிடந்த துரு மட்டும்தான். ஒரு கீறல் கிடையாது. மாசி தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டியிருந்தான்.

அப்படியானால் எஞ்சின் எதனால் நின்றது? பிஸ்டனெல்லாம் வெளியே வந்த பிறகும் கிராங்க் சுற்றவில்லை. நடு பேரிங்கைத் திறந்தார். உள்ளே பூசியிருந்த ஈயம் உருகி, கிராங்கோடு ஒட்டி, இரும்பு நீலம் பாரித்திருந்தது. முன்னும் பின்னும் இருந்த பேரிங் இரண்டும் பளபளவென்று இருந்தன. நடுவுக்கு மட்டும் ஆயில் போகவில்லை. ஆயில் வரும் துளையில் கம்பியை விட்டார். கம்பி மெத்தென்று எதிலோ முட்டியது. முனையைக் கொக்கியாக வளைத்து, திருகி இழுத்தார். கறுத்துப்போன துணி உருண்டை ஒன்று வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். மண்ணெண்ணெயில் அலசி விரித்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

அவர் மனைவி எல்லம்மாள் கட்டிக் கிழித்த புடவை அது. பேரிங்குக்குப் புது ஈயம் வைத்துச் சுரண்டும்போது தூள் உள்ளே போகாமல் இருக்க ஆயில் துளைகளில் துணி அடைப்பது அவர் வழக்கம். மூன்று துளை, மூன்று துணி. அன்றைக்கு இரண்டைத்தான் எடுத்திருக்கிறார். துணியில் ஊறிக் கசிந்த ஆயிலில் மூன்று வாரம் ஓடி, பிறகு அதுவும் அடைபட்டிருக்கும். மற்ற பக்கமெல்லாம் ஆயில் ஓடியதால் ஆயில் மீட்டரில் முள் நன்றாகவே நின்றிருக்கும். டிரைவரால் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த எஞ்சினை அவரைத் தவிர வேறு யாரும் திறந்ததில்லை. கொப்பளித்த கையை மாசி நீட்டிக்கொண்டு நின்றது கண்ணெதிரே வந்தது. சடையப்பன் ஆயில் தட்டுப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் முதலில் ராஜாராமிடம் போய்ச் சொன்னார். மாசி மேல் தப்பில்லை, எல்லாம் என் கையால் வந்தது என்றார். ராஜாராம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவனும் போய்விட்டான், பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது, எஞ்சின் சுற்றுமா அதைச் சொல்லு என்று கேட்டார். கிராங்கைக் காஞ்சிபுரத்தில் கொடுத்துக் கடைந்தால் சுற்றும் என்றார் சடையப்பன். ராஜாராமுக்குத் திருப்தி. ஒரு ஆளின் ஒன்பது வருஷம் அவ்வளவில் முடிந்துபோயிற்று.

ஏரிக்கரை வழியாகக் குடிசைகளுக்கு நடந்தார். அங்கம்மாள் வாசலில் சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தாள். அவரை அங்கே பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் உட்காரவில்லை. துணியை அவள் கையில் வைத்தார். மூன்று துளையைச் சொன்னார், எண்ணிப் பார்க்காமல் விட்டதைச் சொன்னார், அன்றைக்கு மாசியின் கையைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்ததையும் சொன்னார். அவள் வாரி மண்ணைத் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தே வந்திருந்தார். தூற்றினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தார்.

அங்கம்மாள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஊரே தண்ணி ஊத்தலன்னு சொல்லிச்சு. நான்தான் ஒரு நாள் சண்டையில கேட்டுட்டேன், மேஸ்திரி எதுனா கோட்டை வுட்டுருப்பாரான்னு. அதுக்கு என்னை அடிக்க வந்துட்டாரு. மேஸ்திரி கை வெச்ச எஞ்சின்ல தப்பு இருக்காதுடி, நான்தான் எங்கியோ பார்க்காம வுட்டுருக்கேன்னாரு. இன்னாத்தைப் பார்க்காம வுட்டோம்னு ரோசன பண்ணிக்கினே கெடந்து செத்தாரு."

சடையப்பன் வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அங்கம்மாள் துணியை முந்தானையில் முடிந்துகொண்டாள். குடிசைக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பித்தளைச் சொம்பு கவிழ்ந்திருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வந்து சொன்னது நல்லதுதான் மேஸ்திரி," என்றாள். "ஆனா இதை நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்?"