தேதிக்குள் கதாம்பி சேர்த்த மெத்தட்

கதாம்பிக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்க வராது. நைரோபியில், தாய்மார்களைத் தடுப்பூசி முகாமுக்குக் குறுஞ்செய்தியில் அழைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் புரோகிராமர். கிராமங்களில் முகாம் சந்தை நாளில்தான் நடக்கும். அந்தக் கணக்கைப் புரோகிராமில் இடத்துக்கு இடம் எழுதிச் சலித்துப்போனவள், புரோகிராம் மொழியோடு கூடவே வந்த, எல்லாருக்கும் பொதுவான ‘தேதி’ கிளாஸையே திறந்து, அந்தக் கணக்கைப் போட்டுச் சொல்ல ‘அடுத்த முகாம்’ என்ற மெத்தட்டை உள்ளே சேர்த்துவிட்டாள். அதன்பிறகு எந்தத் தேதியைக் கேட்டாலும் அடுத்த முகாம் நாளைச் சொன்னது.

பக்கத்து நாற்காலி ஒடேரா அன்றைக்கே சொன்னான். “பொதுக் குழாய்ல நீயா ஒரு பைப்ப மாட்டுற. இன்னொருத்தனும் அங்கயே வந்து மாட்டுனா?”

“வரட்டும், பாத்துக்கலாம். நீ வேலையப் பாருடா.”

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முட்டோமோ ஊர் நர்ஸ் ம்பித்தே போனில் கத்தினாள். “ஏம்மா, ஒங்க கம்ப்யூட்டருக்குக் கிறுக்கா? கைப்புள்ளைகளோட வந்து வெயில்ல நிக்கிறாளுக. இன்னைக்குச் சந்தையும் இல்ல, ஊசியும் இல்ல!”

கதாம்பிக்கு உட்கார முடியவில்லை. தன் மெத்தட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தப்பே இல்லை. எழுந்து நடந்தாள், மறுபடி படித்தாள். டீ ஆறிப்போனது.

“போன வாரம் புதுசா என்னடா சேத்த?”

ஒடேராவின் முகம் மாறியது. ரத்ததான முகாம்களுக்காக வெளியாள் யாரோ எழுதிவைத்த ஆயத்தப் புரோகிராம் தொகுப்பு, லைப்ரரி, ஒன்றை இணைத்திருந்தான். அதுவும் ‘தேதி’க்குள் அதே பெயரில் ஒரு மெத்தட்டைப் போட்டிருந்தது. பின்னால் வந்தது முன்னால் இருந்ததைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டது; தாய்மார்களுக்குப் போனது ரத்ததான நாள்.

“ரெண்டையும் ஏத்துற வரிசைய மாத்திட்டா போதும். ஒன்னுது ஜெயிச்சிடும்,” என்றான்.

“அப்ப ரத்ததானக்காரங்களுது கெட்டுப்போகும்ல?”

தன் மெத்தட்டைத் ‘தேதி’யிலிருந்து பிடுங்கி, தனக்கென்று ஒரு கிளாஸ் எழுதி அதில் வைத்தாள். மற்ற ஊர்களுக்குத் திருத்தச் செய்தி போனது. பிறகு ஆபீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வழியிலுள்ள கிட்டூயி டவுனுக்கு ஓடி, ம்பித்தே சொல்லிவைத்த ஊசிமருந்துப் பெட்டியை ஏற்றி, வெயில் தாழும் நேரத்தில் முட்டோமோ போய்ச் சேர்ந்தாள். பாதிப்பேர் திரும்பிப் போயிருந்தார்கள்.

முதுகில் பிள்ளையைக் கட்டியிருந்த ஒருத்தி முறைத்தாள். “நீதான் வரச்சொன்னவளா?”

“ஆமாக்கா.”

“போனவளுகளையும் நீயே போய்க் கூட்டிட்டு வா.”

ம்பித்தே வழி சொல்ல, கதாம்பி வீடு வீடாகப் போனாள். நடக்கும்போதே ஒடேராவைப் போனில் பிடித்தாள்.

“‘தேதி’ மாதிரியே மொழியோட வந்த ‘எண்’ கிளாஸுக்குள்ளயும் நான் ஒரு மெத்தட் போட்டிருக்கேன்டா. அதையும் பிடுங்கிடு. இப்பவே.”