உச்சந்தலையில் ஒரு விரல்

இன்னைக்குப் பூண்டுலோயா பஸ்ஸில் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. எழுதத் தெரியாதவன், போனிடம் வாயால் சொல்லித்தான் இந்தப் பதிவைப் போடுறேன். பிழை இருந்தா போனைத் திட்டுங்க.

தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிற வேலையை விட்டு நின்ற இந்த அஞ்சு மாசமாக என் சம்சாரத்துக்குப் பேச்சே இல்லை. சோறும் ரெண்டு வாய்தான். மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் ரெண்டு தடவை கூட்டிப் போகக் கிளம்பினேன். ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது, இவள் சீட்டை விட்டு எழும்பவே இல்லை.

இன்னைக்கு மூணாவது தடவை.

பக்கத்து சீட்டில் ஒரு பொம்பளப்புள்ள. நல்ல மனசுதான். "அம்மா, டாக்டரெல்லாம் எதுக்கு? உச்சந்தலையில விரல வச்சு நீங்களே அமுக்குங்க. மனக்கவலையெல்லாம் எறங்கிரும். வீடியோவுல காட்டுறாங்க" என்றது.

இவளும் உடனே விரலை வைத்து அமுக்குறா!

"முப்பத்தெட்டு வருசம் கொழுந்துக் கூடைக் கயிறு அதே எடத்தத்தான் அமுக்குச்சு. அதுல எறங்காத கவலையா இதுல எறங்கப் போகுது?"

நான் கத்தினதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் என் சம்சாரம் வாயைத் திறந்தாள்.

"அது கூடை அமுக்குனது. இது நானா அமுக்குறது. சும்மா கத்தாம, ஆஸ்பத்திரி வந்தா சொல்லுங்க. எறங்கணும்."

இறங்கினாள். விரலை எடுக்காமலே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

இப்ப எனக்குத்தான் தலை வலிக்குது. எங்க அமுக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.